ஹாஜறா வளவுக்குப் போகும் வழி

சாய்ந்தமருது
14.01.1979

அன்புள்ள ஸாலிஹா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று தந்தியில் சொன்னதை இப்போதுதான் விரித்து எழுத முடிகிறது. சூறாவளி போய் இரண்டு மாதமாகப் போகிறது. இந்தக் கிழமைதான் வீட்டில் ஒரு மேசை நேராக நிற்கிறது.

உங்கள் வீட்டுக் கூரைத் தகரங்களை என் மனுசன், நஸீறா வாப்பா, வயலுக்குள்ளிருந்து இழுத்துவந்து சேர்த்து வைத்திருக்கிறார். ஒன்றை மட்டும் காணவில்லை. தென்னைகளைப் பற்றிக் கேட்காதீர்கள், அழுகை வரும்.

ஆனால் சிரிக்கவும் ஒன்று இருக்கிறது. ஊரில் வேலி என்று ஒன்று மிஞ்சவில்லை. என் குசினிக்குள் நின்று பார்த்தால் கிழக்கே உங்கள் வீட்டு வளவு தாண்டிப் பெரிய றோட்டில் போகிற பஸ் தெரிகிறது. மேற்கே ஹாஜறா வீட்டுக் கிணறும் அதற்கு அங்கால் வயலும். எல்லாம் ஒரே முற்றம். நேற்று மீன்காரன் தலையில் கூடையோடு என் அடுப்பைத் தாண்டிப் போனான்.

“என்ன மனுசன், இது வீடா, றோட்டா?” என்று சத்தம் போட்டேன்.

“எனக்கும் விளங்குதில்ல ராத்தா. வேலி இருந்தாத்தானே எது றோட்டு எண்டு தெரியும்?” என்றான். என் அடுப்படியில் நின்றே சூரை மீனுக்கு விலையும் சொன்னான். வாங்கினேன்.

இதில் ஆகச் சந்தோசப்பட்டவள் ஹாஜறாதான். அவளிடம் ஓத வரும் பெண்பிள்ளைகள், வேலியில் ஆள் நுழைய விடும் கடப்பைத் தேடிச் சுற்றாமல் நேராக ஓடிவந்தார்கள். “அல்லாஹ் வேலியப் புடுங்கித் தந்திட்டான்” என்கிறாள். புருசன் போய் இத்தனை வருடமாக அந்தப் பிள்ளைகளின் சத்தம்தானே அவளுக்கு வீடு.

ஆனால் இப்போது மதில் காலம் தொடங்கிவிட்டது. வேலிக்குக் கிடுகு கட்டத் தென்னோலை இல்லை. சந்திக்குச் சந்தி சீமெந்துக்கல் அறுக்கிறார்கள். வேலி கட்டினவர்கள் கடப்பு விட்டுக் கட்டினார்கள். மதில் கட்டுகிறவர்களுக்கு அது நினைவு வருவதில்லை. வடக்கு வளவுக்கு நான் வேலிக்குள்ளால் போனால் சோறு கொதிக்க முன் திரும்பிவிடுவேன். இனிமேல் குடை எடுத்து, தலை மூடி, பெரிய றோட்டால் கடை கண்ணியெல்லாம் பார்க்கப் போய் வரவேண்டும்.

உங்கள் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவே இருந்த கடப்பை மட்டும் இரண்டு கம்பு நட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி
உம்மு


மாளிகாவத்தை, கொழும்பு
04.02.1979

அன்பு உம்மு,

உன் கடிதத்தைப் படித்து நானும் மகள் றபீக்காவும் சிரித்தோம். பிறகு அவள் போனதும் நான் கொஞ்சம் அழுதேன். இரண்டுக்கும் உனக்கு நன்றி.

போன கிழமை புவியியல் பாடத்தில் பிள்ளைகளிடம், வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை வரையச் சொன்னேன். எல்லோரும் ஒரே மாதிரி வரைந்தார்கள்: வீடு, ஒழுங்கை, பெரிய வீதி, பாடசாலை. வேறு வழி எவருக்கும் இல்லை. அப்போது நம் ஊரைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். வளவுக்கு வளவு கடப்பு, கடப்பிலிருந்து கடப்பு. கோடுகள் மீன்வலை போலாகிவிட்டன. “டீச்சர், இதில் தெரு எது?” என்று ஒருத்தி கேட்டாள். “தெரு ஒன்றுதான். மற்றதெல்லாம் எங்கள் குசினிகள்” என்றேன். அவர்கள் நம்பவில்லை.

நான் இருக்கும் ஒழுங்கை என் வாசலோடு முடிகிறது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் துணி துவைக்கும்போது பாடுகிறாள். நல்ல குரல். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒழுங்கை முனைக்குப் போய், சந்தையைச் சுற்றி, அடுத்த ஒழுங்கைக்குள் நுழைந்து வரவேண்டும். றபீக்கா பிறந்த காலத்திலிருந்து கேட்கும் குரல். நான் போகவே இல்லை. இந்த நகரம் பெருக்கப் பெருக்க இப்படித்தான் ஆகிறது. பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் தூரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

உம்மா வளவைப் பிரித்து உறுதிப் பத்திரம் எழுதிய நாள் உனக்கு நினைவிருக்கும். முன்துண்டு எனக்கு, பின்துண்டு உனக்கு. நொத்தாரிசு பேனையை நிறுத்தி, “பின்துண்டுக்கு றோட்டுக்குப் போக வழி எழுதணுமே?” என்றார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்ன சொன்னா? “ராத்தாக்கும் தங்கச்சிக்கும் நடுவுல வழி எழுதுறதா? வழி எழுதினா ரெண்டு பேரும் பிறத்தி ஆக்களெண்டெல்லோ ஆகும். எழுதாதீங்க!”

கம்பு நட்டதை நினைத்தால் மனம் குளிர்கிறது.

ஸாலிஹா


சாய்ந்தமருது
09.03.1980

மதிப்புக்குரிய ராத்தா அவர்களுக்கு,

தாங்கள் நலமா? நாங்கள் நலம்.

சந்தியில் சீமெந்துக் கடை வைத்திருக்கிற ஜவுபர் முந்தாநாள் தங்கள் வளவுக்குள் நாடா பிடித்து அளந்தார். நான் கடப்பில் நின்று, “யாரக் கேட்டு அளக்கிறீங்க?” என்றேன். “உங்கட ராத்தாவக் கேட்டுத்தான் தங்கச்சி. பேச்சு முடிஞ்ச மாதிரித்தான். சாமான் களஞ்சியம் ஒண்டு கட்டப்போறன், மூலைக்கு மூலை” என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

தங்கள் காணியைத் தாங்கள் விற்பதை நான் கேட்க முடியாது. உறுதியும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நஸீறாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறோம் என்று தங்களுக்குத் தெரியும். என் வளவுக்குள்ளேயே அவளுக்கு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கதவு நிலை வைத்தாயிற்று. வடக்கே மதில், தெற்கே மதில். முன்னால் ஜவுபரின் களஞ்சியம் மூலைக்கு மூலை வந்தால் மாப்பிள்ளை எந்த வழியால் வருவார்? ஹெலிகொப்டரிலா?

மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, “வீடு நல்லாத்தான் இரிக்கி, வாசல் எங்க இரிக்கி?” என்று கேட்டால் நான் என்ன சொல்ல? அவர்கள் இந்தச் சம்பந்தத்தை விட்டுப் போனாலும் குறை சொல்ல முடியாது.

தாங்களாக எழுதியிருந்தால் இவ்வளவு நொந்திருக்க மாட்டேன்.

உம்மு


மாளிகாவத்தை
18.03.1980

உம்மு,

‘தாங்கள்’ என்ற சொல்லை இத்தனை தடவை நீ ஒரு கடிதத்தில் எழுதுவாய் என்று நான் நினைத்ததில்லை. ஒவ்வொன்றும் நன்றாகப் பட்டது.

றபீக்காவுக்கு வந்த மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. கொழும்பில் ஒரு வீடு இருந்தால்தான் பேசலாம் என்கிறார்கள். நம் ஊர் முறைதான். வீடு கொடுக்காமல் மகளைக் கொடுக்க முடியாது. இங்கே வளர்ந்தாள் என்பதற்காக அவளை அதிலிருந்து விட்டுவிடுவார்களா? எங்களிடம் அந்த முன்துண்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நீயும் மகளுக்கு வீடு தேடுகிறாய், நானும் மகளுக்கு வீடு தேடுகிறேன். இரண்டு வீடும் உம்மாவின் அந்த ஒரு வளவுக்குள்ளிருந்துதான் வரவேண்டியிருக்கிறது.

உனக்கு முதலில் எழுதாதது வெட்கத்தால். காணியை விற்கிறேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் ஒன்றை நம்பு. என் வீட்டை விற்பதாகத்தான் நினைத்தேன். உன் வாசலை விற்பதாக ஒரு தடவையும் நினைக்கவில்லை. வழி என்ற ஒன்று அங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தோன்றவில்லை. நாம் நடந்தோம், அவ்வளவுதான்.

ஒரு பக்கமாக வழி விட்டு மிச்சத்தை எடுப்பாரா என்று ஜவுபரிடம் கேட்டு எழுதினோம். முழுதாகத் தந்தால் எடுப்பேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறார். நஸீறாவின் கலியாணம் முடியும் வரை ஒன்றும் எழுதிக்கொடுக்க மாட்டோம். மாப்பிள்ளை என் வளவுக்குள்ளால்தான் வருவார். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கே தெரியவில்லை.

என் மேல் கோபமாக இரு. ஆனால் ‘நீங்க’ என்று எழுது.

ராத்தா


மாளிகாவத்தை
25.01.1981

அன்பு உம்மு,

கலியாண வீட்டிலிருந்து வந்து சேர்ந்தோம். நஸீறா மணவறையில் தலை குனிந்திருந்த அழகு கண்ணுக்குள் நிற்கிறது. மாப்பிள்ளை மழைக்குள் என் வளவைத் தாண்டி வந்தபோது பெண்கள் குரவையிட்டது இன்னும் காதில் இருக்கிறது. என்னை நீ பழையபடி திட்டினாய், பழையபடி ஊட்டினாய். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஹாஜறா என்னைப் பார்க்க வந்தாள். பெரிய றோட்டுப் பக்கமிருந்து வந்தாள். முழங்கால் வரை வயல் சேறு. உன் பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவள், உன் வீட்டுக்கு வர ஏன் வயலுக்குள் இறங்கவேண்டும்?

நான் வந்த நாள் முதல் “ராத்தா, பின்பக்கம் போகாதீங்க, பாம்பு திரியுது” என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். நீ பிரியாணிச் சட்டியோடு இருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். பாம்பைக் காணவில்லை. என் உயரத்துக்கு மேல் மதில். கடப்பு இருந்த இடத்தில் சீமெந்துப் பூச்சு மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது.

ஹாஜறாவிடம் கேட்டேன். “குமர்ப்புள்ள இரிக்கிற வளவு. மீராசா தம்பி கட்டினது சரிதான்” என்று உன் மனுசனுக்காகப் பேசினாள். “புள்ளையள் மாரிக்கு வாறல்ல. வாய்க்கால் வரம்பில வழுக்கி விழுகுதுகள். சும்மா இரிக்கன், அவ்வளவுதான்.” உன்னைக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை.

உம்மு, நான் முடிவு செய்துவிட்டேன். என் துண்டின் தெற்குப் பக்கத்தில் ஒழுங்கை விடுகிறேன். சாவு என்றால் நாலு பேர் தோளில் சந்தூக்கோடு திரும்பக்கூடிய அகலம். உறுதியில் எழுதியே விடுவேன். உம்மா கோபித்தால் மறுமையில் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஒழுங்கை உன் வாசலோடு நிற்கக்கூடாது. உன் துண்டுக்குள்ளாலும் போய் ஹாஜறா வளவைத் தொடவேண்டும். வாசலோடு முடியும் ஒழுங்கையில் நான் பதினெட்டு வருடம் இருந்துவிட்டேன்.

ஜவுபர் விட்டுப் போகட்டும். றபீக்கா வாப்பா இதைக் கேட்டதிலிருந்து என்னோடு அளந்துதான் கதைக்கிறார்.

ராத்தா


சாய்ந்தமருது
11.02.1981

ராத்தா,

பாம்பு உண்மையாகவே இருந்தது. மதில் கட்டினபின் போய்விட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கொழும்பில் இருந்துகொண்டு கரும்பலகையில் கோடு போடுகிற மாதிரி என் முற்றத்தில் கோடு போடுகிறீர்கள். ஹாஜறா ஒருத்தி என்றால் நான் என்ன, தலையில் தூக்கி வைப்பேன். அவளுக்குப் பின்னால் வயலை மண் போட்டு நிரப்பி நாலு வீடு எழும்பிவிட்டது. இன்னும் எழும்பும். யார் எவர் என்று தெரியாது. சைக்கிளும் வண்டிலும் உழவு மெசினும் நஸீறாவின் யன்னலுக்குக் கீழால் போகும். புது மாப்பிள்ளை குளித்துவிட்டு வெளியே வந்தால் ஊர் முழுக்கப் பார்க்கும்.

நஸீறா வாப்பா சொன்னார், “உங்கட ராத்தாவ அந்த யன்னலடியில ஒரு மாசம் வந்து இரிக்கச் சொல்லு. அதுக்குப் பொறகு றோட்டுப் போடுவம்.” நானும் அதையேதான் சொல்கிறேன்.

எனக்கு வழி தருவதென்றால் எனக்குத் தாருங்கள். ஊருக்கு என்றால் வேண்டாம்.

உம்மு


மாளிகாவத்தை
20.02.1981

உம்மு,

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்த யன்னல் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் சொன்னதை மாற்றமாட்டேன். நீ யோசி. நோன்பு வரட்டும், பெருநாள் வரட்டும். அதுவரை காணியை யாருக்கும் எழுதமாட்டேன். நீ என் வளவுக்குள்ளால் நடந்துகொண்டிரு.

ராத்தா


சாய்ந்தமருது
22.07.1981

அன்புள்ள ராத்தா,

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

நோன்புக் கஞ்சி காய்ச்சினால் முதல் கோப்பை ஹாஜறாவுக்குப் போகும். அது உம்மா காலத்து வழக்கம். போன வருடம் சின்னப் பிள்ளைகள் வயல்பக்கத்தால் கொண்டுபோனார்கள். இந்த வருடம் கேட்டேன், ஒருத்தரும் வரவில்லை. “மாமி, நீங்களே போங்க” என்றாள் ஒரு சின்னவள், இடுப்பில் கை வைத்து. சரி, நானே போகிறேன் என்று அசர் தொழுகைக்குப் பிறகு தூக்குச்சட்டியோடு வெளிக்கிட்டேன்.

உங்கள் வளவுக்குள்ளால் பெரிய றோட்டுக்கு வந்தேன். கடைக்காரர்களெல்லாம் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். ஜவுபர், “என்ன தங்கச்சி, இந்த நேரத்தில?” என்றார். தெற்கே நடந்து, ஒழுங்கையால் மேற்கே திரும்பி, அது முடிகிற இடத்தில் வயலுக்குள் இறங்கி, வாய்க்கால் வரம்பால் வடக்கே வந்தேன். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பாதி வழியில் ஒரு கால் உள்ளே போய்விட்டது. ஒரு செருப்பு வரவே இல்லை. கஞ்சியில் பாதி நெற்பயிருக்கு. மண் நிரப்பிக்கொண்டிருந்த பொடியன்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது.

அந்த வரம்பில் நின்றபோது என் வீட்டுக் கூரை தெரிந்தது ராத்தா. நஸீறா கொடியில் துணி எடுக்கிறாள். கூப்பிட்டால் கேட்கும். அங்கே போக நான் இன்னும் ஊரைச் சுற்றவேண்டும்.

ஹாஜறா வீட்டு வாசலில் கால் வைக்கவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. அவள் பேரீச்சம்பழம் தந்தாள். இரண்டு பேரும் மிஞ்சின கஞ்சியைப் பகிர்ந்து குடித்தோம்.

“ஆறிப் போச்சு புள்ள” என்றாள்.

“ஓம்” என்றேன்.

“அப்ப உங்கட உம்மா கடப்பால நீட்டுவா. கை சுடும். துணியால புடிச்சுத்தான் வாங்குவன்.” அவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் காலைக் கழுவ வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், அவள் குனிந்துவிட்டாள்.

வீட்டுக்கு ஒற்றைச் செருப்போடு திரும்பினேன். நஸீறா வாப்பா, “எங்க போன?” என்றார். “ஹாஜறா வீட்டுக்கு” என்றேன். என் காலைப் பார்த்தார். கொஞ்சநேரம் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “யன்னல மத்தப் பக்கம் மாத்திக் கட்டினா என்ன?” என்று தானாகவே கேட்டார்.

ஒழுங்கை ஹாஜறா வளவு வரைக்கும் போகட்டும். யார் வந்தாலும் வரட்டும்.

நீங்கள் இன்னும் அதே முடிவில்தானே இருக்கிறீர்கள்?

உங்கள் உம்மு


மாளிகாவத்தை
16.08.1981

என் உம்மு,

பெருநாள் அன்று உன் கடிதம் வந்தது. வேறு பெருநாள் பணம் எனக்கு வேண்டாம்.

இங்கேயும் ஒரு மாற்றம். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். றபீக்கா வாப்பா தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, “ஒழுங்கை வந்தால் நம் துண்டுக்கு இன்னொரு முகம் வருமே?” என்றார். எனக்கு விளங்கவில்லை. விரலால் மேசையில் கீறிக் காட்டினார். இத்தனை நாளும் என் துண்டுக்கு ஒரே முகம், பெரிய றோட்டு மட்டும். அதனால் விற்றால் முழுதாக விற்கவேண்டும். ஒழுங்கை ஓடினால் றோட்டோரத்தைத் தனியாகக் கொடுக்கலாம். பின்பகுதி, உம்மாவின் கிணறும் ஓர் அறையும் இருக்கிற இடம், நமக்கே நிற்கும். அதற்கு ஒழுங்கையால் போகலாம். புவியியல் படிப்பிக்கிற எனக்கு இது தோன்றவில்லை.

ஜவுபருக்கு எழுதினோம். முதலில் மாட்டேன் என்றவர் இப்போது முன்பக்கம் இரண்டு கடை போடச் சம்மதித்திருக்கிறார். ஒழுங்கை முனையில் கடை வந்தால் வியாபாரம் கூடும் என்று அவரும் கணக்குப் போட்டிருப்பார். கிடைப்பதில் றபீக்காவுக்கு முழு வீடு வாங்க முடியாது. தெமட்டகொடையில் ஒரு மேல்மாடி, இரண்டு அறை. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் முகம் சுளித்தார்கள். மாப்பிள்ளை சுளிக்கவில்லை. போதும்.

இன்னொன்று. நேற்று நான் ஒழுங்கை முனைக்குப் போய், சந்தையைச் சுற்றி, அடுத்த ஒழுங்கைக்குள் நுழைந்தேன். பாடுகிற பெண்ணின் பெயர் குசுமா. வயதில் என்னைவிட மூத்தவள். “நீங்கதானா அந்த இருமல்காரி?” என்று சிங்களத்தில் கேட்டாள். என் இருமலை அவள் இத்தனை வருடமாகக் கேட்டிருக்கிறாள்.

நொத்தாரிசிடம் சொல்லி எழுது. ‘வழி’ என்ற சொல்லை விடவேண்டாம்.

ராத்தா


சாய்ந்தமருது
07.02.1982

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஒழுங்கை திறந்தாயிற்று. என் பின்மதிலை உடைக்கிற அன்று ஓதுகிற பிள்ளைகள் மறுபக்கத்தில் காத்து நின்றார்கள். முதல் கல் விழுந்ததும் தூசிக்குள்ளால் ஓடிவந்துவிட்டார்கள். மேசன் திட்டினான். ஹாஜறா கடைசியாக வந்தாள், காலில் சேறில்லாமல். என் முற்றம் இருந்த இடத்தில் நின்று கிழக்கேயும் மேற்கேயும் பார்த்தாள். “நேராப் போகுது” என்றாள்.

நான் பயந்ததும் நடக்கிறது. சைக்கிள் போகிறது, மண் வண்டில் போகிறது. நஸீறாவின் யன்னலை மாற்றிக் கட்டிவிட்டோம். மாப்பிள்ளை இப்போது சட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறார். பின்னால் குடிவந்தவர்களில் ஒரு பெண், நெசவு ஊரான மருதமுனையாள். தறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று சொல்லி என்னோடு கதைக்க வருகிறாள். நல்ல மனுசி. அவள் வருகிற நேரம் எனக்கு வேலை ஓடுவதில்லை.

உங்கள் கிணற்றடித் துண்டைச் சுற்றி மதில் கட்டச் சொன்னீர்கள். கட்டியாயிற்று. ஒழுங்கைப் பக்கம் உங்களுக்குத் தனி வாசல், தகரக் கதவு, பூட்டு; திறப்பு என்னிடம். என் பக்கம் கட்டும்போது மேசனிடம் ஓர் இடத்தை விடச் சொன்னேன்.

“அதான் ஒழுங்கை இரிக்கே ராத்தா, வாசலும் இரிக்கு. இது என்னத்துக்கு?” என்றான்.

“விடு எண்டா விடு மனே” என்றேன்.

நம் கடப்புக்குக் கம்பு நட்டிருந்தேனே, அந்த இடம்தான். நொத்தாரிசிடம் இதைச் சொல்லவில்லை; உறுதியில் இல்லை.

சித்திரை விடுமுறைக்கு வருகிறீர்கள் என்று றபீக்கா எழுதியிருந்தாள். பெட்டியை ஒழுங்கையால் கொண்டுவரச் சொல்லுங்கள், நீங்கள் கிணற்றடியால் வாருங்கள். மேசன் அடியில் ஒரு வரிக் கல்லை விட்டுவிட்டான், கால் தட்டும். பார்த்து வாங்க.

உம்மு